மண் அகழும் கையின் வலிமை

நுழையும்முன்

மண்வெட்டியும் கூடையும் செய்துவந்த பணியை இன்று இயந்திரக் கை செய்கிறது. அந்தக் கைக்கு வலிமை தருவது எண்ணெயின் அழுத்தம். அவ்வலிமை குறையும்போது காரணத்தைக் கண்டறிவதற்கு அறிவியலும் வேண்டும், பொறுமையும் வேண்டும். கடலூர் மாவட்டத்தின் வாய்க்கால்களையும் சுரங்கப் பகுதியையும் களமாகக் கொண்டு அதனை விளக்குகிறது இக்கட்டுரை.

கடைமடையின் காலக்கெடு

காவிரி நீர் கடலைச் சேர்வதற்கு முன் கடைசியாகப் பாயும் வயல்களுள் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டங்களின் வயல்களும் அடங்கும். கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியாக வீராணம் ஏரியை அடைகிறது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட அவ்வேரி, இன்றும் ஏறத்தாழ 45,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கிறது. சென்னை மாநகருக்குக் குடிநீரும் தருகிறது. ஆனால், ஏரி நிறைந்திருப்பது மட்டும் போதாது. வாய்க்காலில் வண்டலும் ஆகாயத்தாமரையும் அடைத்திருந்தால், தலைமடை வயலில் நீர் தளும்பி நிற்கும். கடைமடை வயல் வெடித்துக் கிடக்கும்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அதற்கு முன்னதாக, வாய்க்கால் வறண்டிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரும் பணி முடிந்தாக வேண்டும். நீர் வந்துவிட்டால் இயந்திரம் இறங்க இயலாது. இரண்டாவது காலக்கெடு அக்டோபரில் வருகிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, மணிமுத்தாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என ஆறுகள் பலவும் இம்மாவட்டத்தின் வழியாகவே கடலுக்குச் செல்கின்றன. வடகிழக்குப் பருவமழை பொழிவதற்குள் வடிகால்கள் சீராக இருக்க வேண்டும். 2015 நவம்பர் மழையில் இம்மாவட்டம் பட்ட துயரத்தை இங்குள்ளோர் மறக்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் பண்ருட்டிப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன.

உடைந்த கரையை அடைக்கவும், சாய்ந்த மரத்தை அகற்றவும், தூர்ந்த வாய்க்காலைத் திறக்கவும் இன்று நாம் அழைப்பது மண் அகழும் இயந்திரத்தைத்தான். வேலை நடுவில் அது தளர்ந்து நின்றுவிட்டால், உரிமையாளரின் கடன் தவணை மட்டுமன்று, ஓர் ஊரின் ஒரு போக விளைச்சலும் அதனோடு சேர்ந்து நின்றுவிடும்.

எண்ணெயால் ஆன தசை

இவ்வியந்திரத்தை மக்கள் பல பெயர்களால் அழைக்கின்றனர். ‘பொக்லைன்’ என்பது பிரெஞ்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். ‘ஜேசிபி’ என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு தொடங்கிய நிறுவனத்தின் பெயர். நிறுவனங்களின் பெயர்கள் பொருளின் பெயர்களாகவே நம் பேச்சில் நிலைத்துவிட்டன. சக்கரத்தில் ஓடுவதை டயர் வண்டி என்றும், இரும்புப் பட்டையில் ஊர்வதைச் செயின் வண்டி என்றும் களத்தில் பிரித்துச் சொல்வர். இக்கட்டுரை பேசுவது பெரும்பாலும் செயின் வண்டியைப் பற்றி.

இதன் கை மூன்று பகுதிகளால் ஆனது. உடலோடு இணைந்தது பூம். அதன் முனையில் ஆர்ம். அதன் முனையில் மண்ணை அள்ளும் பக்கெட். தோள், முழங்கை, உள்ளங்கை என்று இவற்றை உருவகிக்கலாம். இவற்றை அசைக்கும் தசைகள், பளபளக்கும் தண்டுகளைக் கொண்ட சிலிண்டர்கள். டீசல் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றுகிறது. பம்பு தொட்டியிலிருந்து எண்ணெயை இழுத்துத் தள்ளுகிறது. ஓட்டுநர் நெம்புகோலை அசைக்கும்போது வால்வுகள் திறந்து அவ்வெண்ணெயை வேண்டிய சிலிண்டருக்கு அனுப்புகின்றன. உடல் சுழல்வதும் செயின் ஊர்வதும்கூட எண்ணெயால் சுழலும் மோட்டார்களாலேயே நிகழ்கின்றன. எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கோ கைக்கோ நேராகச் செல்லும் இரும்புத் தண்டு எதுவும் இதில் இல்லை.

மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்னும் பாஸ்கல் விதியை நாம் கீழ் வகுப்புகளில் படித்திருக்கிறோம். 1795இல் ஜோசப் பிரமா என்னும் ஆங்கிலேயர் இவ்விதியைக் கொண்டு அழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவ்விதி இங்கே என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு சிலிண்டரின் உள்விட்டம் 12 செ.மீ. எனில், அதன் பரப்பு ஏறத்தாழ 113 சதுர செ.மீ. ஆகும். எண்ணெயின் அழுத்தம் 300 பார் என்று கொள்வோம். ஒரு பார் என்பது ஒரு சதுர செ.மீ. பரப்பின் மீது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை அழுத்துவதற்கு ஒப்பானது. எனவே, அச்சிலிண்டரின் தண்டு ஏறத்தாழ 34 டன் எடைக்கு நிகரான விசையுடன் தள்ளும். கைக்கு அடங்கும் ஒரு தண்டு, நிறைசுமை ஏற்றிய லாரி ஒன்றின் எடையைத் தாங்க வல்லதாகிறது!

மெதுவா, வலுவின்மையா?

‘வண்டி இழுக்கவில்லை’ என்பது களத்தில் கேட்கும் பொதுவான முறையீடு. இவ்வொரு தொடருக்குள் இருவேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவதே முதற்படி. இதனைச் செய்யாமல் கருவியைக் கையில் எடுப்பவர் பாதி வழி தவறிவிட்டார் என்றே சொல்வேன்.

சிலிண்டரின் விசையைத் தீர்மானிப்பது எண்ணெயின் அழுத்தம். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது எண்ணெயின் அளவு. மேற்கூறிய சிலிண்டருக்குள் நிமிடத்துக்கு 200 லிட்டர் எண்ணெய் பாய்ந்தால் தண்டு நொடிக்கு ஏறத்தாழ 29 செ.மீ. நகரும். 150 லிட்டர்தான் பாய்கிறது எனில் 22 செ.மீ. மட்டுமே நகரும், ஆனால், தள்ளும் விசை குறையாது. மாறாக, எண்ணெய் முழு அளவில் வந்தும் அழுத்தம் 300 பாரிலிருந்து 200 பாராகக் குறைந்துவிட்டால், வெறுங்கையை வேகமாக வீசும் இயந்திரம் மண்ணைத் தொட்டதும் திணறி நிற்கும். ஆகவே, மெதுவாக வேலை செய்யும் இயந்திரத்துக்கு எண்ணெயின் அளவில் குறை. சுமையைத் தூக்க மறுக்கும் இயந்திரத்துக்கு அழுத்தத்தில் குறை.

இவ்விரண்டின் பெருக்கமே திறன். பார் அளவிலுள்ள அழுத்தத்தை, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்னும் பாய்வால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 300 பார், 200 லிட்டர் எனில் 100 கிலோவாட். எஞ்சின் தரக்கூடிய திறனுக்கு ஓர் எல்லை உண்டு. ஆதலால், மண் கடினமாகி அழுத்தம் ஏறும்போது பம்பு தானாகவே பாய்வைக் குறைத்துக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டுள்ளது. மேடேறும்போது மிதிவண்டி ஓட்டுபவர் பற்சக்கரத்தை மாற்றி மெதுவாக ஏறுவதைப் போன்றது இது. கடினமான மண்ணில் இயந்திரம் மெதுவாக வெட்டுவது இயல்பு, அது நோயன்று.

நோயல்லாத தளர்ச்சிக்கு இன்னொரு சான்றும் நம் மாவட்டத்திலேயே உண்டு. சிதம்பரத்தின் வண்டல் களிமண்ணில் எளிதாகப் புகுந்து வெளிவரும் பக்கெட், நெய்வேலிப் பகுதியின் செம்மண் மேட்டில் திணறும். அங்கே நிலக்கரிப் படிவத்தின் மேல் மூடியிருப்பது நில இயலாளர் ‘கடலூர் மணற்கல்’ என்று பெயரிட்டழைக்கும் பாறை அடுக்கு. உப்புத்தாளைப் போல் இரும்பைத் தேய்க்கும் தன்மை அதற்கு உண்டு. 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கத்தில், சுழலும் சக்கரத்தில் பக்கெட்டுகளைக் கொண்ட மாபெரும் அகழ் இயந்திரங்கள் இயங்குகின்றன. அவை மின்சாரத்தால் இயங்குபவை. அவற்றின் பற்களையே விரைவில் மழுங்கச் செய்த பாறை இது. வெடிவைத்துத் தளர்த்திய பிறகே பல இடங்களில் அதனை வெட்ட முடிகிறது. அத்தகைய மண்ணில் வேலை செய்த சிறிய இயந்திரத்தின் பக்கெட் பற்கள் மழுங்கிப்போயிருந்தால், பம்பு எத்தனை வலிமையாக இருந்தாலும் பயனில்லை. மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு கையில் வலுவில்லை என்று வருந்துவதில் பொருள் உண்டா? பற்களைப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. எனவே அதனை முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று வினாக்கள்

இயந்திரம் உண்மையிலேயே தளர்ந்துவிட்டது என்பது உறுதியானபின் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும்.

சுமை ஏறும்போது எஞ்சினின் ஓசை அமிழ்கிறதா என்பது முதல் வினா. அமிழ்ந்தால் நோய் எஞ்சினில் இருக்கக்கூடும். அல்லது பம்பு தன் பாய்வைக் குறைத்துக்கொள்ளத் தவறி எஞ்சின்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவதாகவும் இருக்கக்கூடும். எஞ்சின் சற்றும் அசையாமல் ஓடிக்கொண்டிருக்க, கை மட்டும் தளர்கிறது எனில், எஞ்சின் தரும் திறனை எண்ணெய் கொண்டுசெல்லவில்லை என்பது பொருள்.

எல்லா அசைவுகளும் தளர்கின்றனவா, ஒன்று மட்டுமா என்பது இரண்டாவது. ஆர்ம் மட்டும் தளர்ந்து மற்றவை நன்றாக இருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான எஞ்சினையும் பம்பையும் ஐயுறுவதற்கு இடமில்லை. ஆர்முக்கு உரிய வால்வையோ சிலிண்டரையோ பார்க்க வேண்டும். இயந்திரம் நேராகச் செல்லாமல் ஒரு பக்கமாகவே திரும்பினால், அப்பக்கத்துச் செயினின் இறுக்கமும் மோட்டாரும் ஆய்வுக்கு உரியவை. பல இயந்திரங்களில் இரு பம்புகள் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தெந்த அசைவுகள் சேர்ந்து தளர்கின்றன என்பதைக் கொண்டே எந்தப் பம்பு என்று ஊகித்துவிடலாம்.

மூன்றாவது வினா மிக எளியது. ஆனால் மிகுதியும் பேசும். காலையில் எப்படி இருந்தது, நண்பகலில் எப்படி இருக்கிறது?

எஞ்சின் தரப்பில் நேரும் குறைகளை விரைவாகக் கடந்துவிடலாம். எஞ்சினுக்கு வேண்டியவை காற்றும் எரிபொருளும். காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டால் கரும்புகை எழும். எரிபொருள் வடிகட்டி அடைபட்டாலோ, டீசலில் நீர் கலந்தாலோ எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். வாய்க்கால் கரைகளில் நிற்கும் இயந்திரத்துக்குப் பெரும்பாலும் கேன்களில்தான் டீசல் வருகிறது. கேனின் அடியில் தேங்கிய நீரும் தூசும் அதனோடு தொட்டிக்குள் இறங்குகின்றன. கடலோரத்தின் ஈரக்காற்று, பாதி காலியான தொட்டியின் உட்சுவரில் இரவில் குளிர்ந்து நீராகவும் படிகிறது. நீர் டீசலைவிடக் கனமானது. எனவே அடியில் தங்கும். மாலையில் தொட்டியை நிரப்பி வைப்பதும், காலையில் நீர் பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுவதும் ஐந்து நிமிட வேலைகள்.

வெப்பத்தின் தடம்

ஆற்றல் அழிவதில்லை, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாறுகிறது. எஞ்சின் தந்த 100 கிலோவாட்டில் 80 மட்டுமே மண்ணை வெட்டுகிறது எனில், எஞ்சிய 20 எங்கே போயிற்று? ஏறத்தாழ முழுவதும் வெப்பமாயிற்று. ஆதலால், ‘திறன் எங்கே குறைந்தது’ என்னும் வினாவை ‘வெப்பம் எங்கே பிறக்கிறது’ என்று மாற்றிக் கேட்டால் விடை எளிதில் கிட்டும். இத்துறையில் கற்க வேண்டிய ஒரே கருத்தைச் சொல்லுமாறு கேட்டால், இதனையே நான் சொல்வேன்.

பம்பினுள் உள்ள உலோகப் பகுதிகளுக்கு இடையே மிக நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. நாளடைவில் அவை தேய்ந்து அகலும்போது, உயர் அழுத்த எண்ணெய் சிலிண்டருக்குச் செல்லாமல் அவ்விடைவெளி வழியே நழுவித் தொட்டிக்கே திரும்பிவிடுகிறது. 300 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இவ்வாறு நழுவினால், 10 கிலோவாட் வெப்பம் பிறக்கும். வீட்டில் நீர் காய்ச்சும் 2 கிலோவாட் மின்கருவிகள் ஐந்தை எண்ணெய்த் தொட்டிக்குள் போட்டதற்கு ஒப்பானது அது. தொட்டியில் 200 லிட்டர் எண்ணெய் இருந்து, குளிர்விக்கும் அமைப்பும் இல்லையெனில், எண்ணெயின் வெப்பநிலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 பாகை வீதம் ஏறும்.

வெப்பம் ஏறினால் எண்ணெய் இளகும். இவ்வகை எண்ணெய்களை 46, 68 போன்ற எண்களால் குறிப்பர். 40 பாகை செல்சியஸில் எண்ணெயின் பாகுத்தன்மையை அவ்வெண் காட்டுகிறது. 46 என்னும் எண்ணுடைய எண்ணெய், 100 பாகையில் ஏறத்தாழ 7 என்னும் அளவுக்கு இளகிவிடும். குளிர்ந்த தேன் சொட்டாத துளை வழியே சூடான தேன் ஒழுகுவதைப் போல, இளகிய எண்ணெய் இன்னும் எளிதாக நழுவும்; நழுவுவதால் இன்னும் சூடேறும்; சூடேறுவதால் இன்னும் இளகும். காலையில் நன்றாக வேலை செய்த இயந்திரம் நண்பகலில் ஏன் தளர்கிறது என்பதற்கு விடை இச்சுழலில் உள்ளது.

இங்கே ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். மே மாதம், சிதம்பரத்தை அடுத்த பாசிமுத்தான் ஓடையின் கரை. செயின் வண்டி ஒன்று தூர்வாருகிறது. பதினொரு மணிக்கு மேல் பக்கெட் நிறைய அள்ளிய சேற்றைத் தூக்க முடியாமல் பூம் தயங்குகிறது. “பம்பு போயிடுச்சு போலண்ணே” என்று ஓட்டுநர் உரிமையாளரிடம் தொலைபேசியில் சொல்கிறார். புதுப் பம்பின் விலை இலட்சங்களில் செல்லும். உரிமையாளர் கடன் வாங்க ஆயத்தமாகிறார்.

நம் வினாக்களை இங்கே எழுப்புவோம். எஞ்சினின் ஓசை அமிழவில்லை. எல்லா அசைவுகளும் ஒரே அளவில் தளர்கின்றன. காலையில் குறையேதும் இல்லை. எண்ணெயின் வெப்பமானி முள் சிவப்புப் பகுதியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. இப்போது எஞ்சியிருப்பவை இரண்டே வாய்ப்புகள்: வெப்பம் மிகுதியாகப் பிறக்கிறது; அல்லது பிறந்த வெப்பம் வெளியேற வழியில்லை. இரண்டாவதைப் பார்ப்பதுதான் எளிது. எஞ்சினை நிறுத்திப் பக்கக் கதவைத் திறந்தால், ரேடியேட்டருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும் இடையே வைக்கோல் தூசு மெத்தைபோல் படிந்திருக்கிறது. பக்கத்து வயலில் வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம் சில நாள்களாக ஓடியிருக்கிறது! காற்றழுத்தக் குழாயால், காற்று வழக்கமாகச் செல்லும் திசைக்கு எதிர்த்திசையில், தகடுகள் வளையாதவாறு தூசை ஊதி அகற்றினால் முள் இறங்குகிறது; பூம் எழுகிறது. பம்பை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதிய பம்பும் அடுத்த நாள் அதே பதினொரு மணிக்குச் சூடேறித் தளர்ந்திருக்கும்.

குளிர்விப்பானைத் தூய்மை செய்தும் வெப்பம் குறையவில்லை எனில், அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். தொடாமலே வெப்பத்தை அளக்கும் கருவி ஒன்று இன்று சிறிய பட்டறைகளிலும் உள்ளது. வால்வுத் தொகுதியின் ஒவ்வொரு பகுதியையும் அதனால் அளந்தால், எண்ணெய் வீணே நழுவும் வால்வு மட்டும் அண்டையிலுள்ளவற்றைவிடச் சூடாக இருந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பம்பின் தேய்மானத்தை அறிய, அதன் உறையிலிருந்து கசிவெண்ணெய் வெளியேறும் குழாயைக் கழற்றி, குறிப்பிட்ட வேகத்தில் எஞ்சினை ஓட்டி, ஒரு நிமிடத்தில் வழியும் எண்ணெயை அளவுச்சாடியில் பிடிக்க வேண்டும். தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எல்லையை அது தாண்டினால் மட்டுமே பம்பைக் கழற்றுவதற்கு நியாயம் உண்டு. இவ்விரு சோதனைகளையும் பயிற்சி பெற்றவரே செய்தல் வேண்டும்.

தொடக்கூடாத ஒரு திருகு

அழுத்தம் எல்லை மீறும்போது திறந்து, எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் காவலர் ரிலீஃப் வால்வு. அதன் வில்சுருள் தளர்ந்தாலோ, வாயில் ஒரு துரும்பு சிக்கினாலோ, அது முன்கூட்டியே திறந்துகொள்ளும், வலிமை குறையும். அதனைக் கழற்றித் தூய்மை செய்து, அழுத்தமானியைப் பொருத்தி, கையேடு குறிக்கும் அளவுக்குச் சரிசெய்வது முறை. அழுத்தமானி இல்லாமல், ‘கொஞ்சம் திருகினால் வலு கூடும்’ என்று அத்திருகை இறுக்குவது களங்களில் காணப்படும் ஆபத்தான பழக்கம். சில நாள்களுக்கு வலிமை கூடியதுபோல் தோன்றும். பிறகு ஹோஸ் குழாய் வெடிக்கும்; பூமில் விரிசல் விழும். நோயை மறைத்து உடலை வருத்தும் மருத்துவம் இது.

இவ்விடத்தில் இன்னோர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குழாயில் ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. கசிவு எங்கே என்று விரலால் தடவினால், உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்துத் தசைக்குள் புகுந்துவிடும். காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும்; வலியும் தொடக்கத்தில் குறைவு. ஆனால், உடனே அறுவை மருத்துவம் செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்த வேண்டும். எஞ்சினை நிறுத்திய பின்னும் குழாய்களில் அழுத்தம் தங்கியிருக்கும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, நெம்புகோல்களை அசைத்து அதனை வெளியேற்றிய பிறகே எதையும் கழற்றலாம். தூக்கி நிற்கும் பூமுக்கு அடியில் எவரும் நிற்கலாகாது.

கண்ணுக்குத் தெரியாத மண்

மண்ணை வெட்டும் இயந்திரத்துக்கு மண்ணே பகை என்பது ஒரு முரண். மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். நம் கண்ணால் காணக்கூடிய மிகச் சிறிய துகள் ஏறத்தாழ 40 மைக்ரான். பம்பின் உள் இடைவெளிகளோ 10 மைக்ரான் அளவிலும் அதற்குக் குறைவாகவும்கூட அமைந்தவை. எனவே, பம்பைத் தேய்க்கும் துகள் நம் கண்ணுக்குத் தெரியாத துகளே. பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது என்பதால் எண்ணெய் தூயது என்று முடிவு செய்ய இயலாது. புதிதாக வாங்கிய பீப்பாய் எண்ணெய்கூடப் பம்புக்கு வேண்டிய அளவு தூய்மையாக இருப்பதில்லை. வடிகட்டி பொருத்திய குழாய் வழியாகவே அதனைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். புழுதி பறக்கும் கரையில், திறந்த வாளியில் ஊற்றிய எண்ணெயைத் தொட்டிக்கு மாற்றுவது, பம்புக்கு உப்புத்தாளை ஊட்டுவதற்கு ஒப்பானது.

குழாயைக் கழற்றினால் அதன் வாயை உடனே மூடியிட்டு அடைக்க வேண்டும். கிழிந்த துணியைத் திணிப்பதால் துணியின் நூலும் எண்ணெயோடு போகும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். நீரில் நின்று வேலை செய்த இயந்திரத்தில் இதனை அவசியம் கவனிக்க வேண்டும். எண்ணெய் நுரைத்தும், பம்பு கூழாங்கற்களை அரைப்பதுபோல் ஒலித்தும் இருந்தால், காற்று புகுந்துள்ளது. அல்லது உறிஞ்சும் வழி அடைபட்டு, எண்ணெயில் குமிழ்கள் தோன்றி உயர் அழுத்தத்தில் வெடித்து ஒடுங்குகின்றன. அவ்வொடுக்கம் இரும்பையே குழிபறிக்க வல்லது. எண்ணெய்மட்டம் குறைந்திருப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது ஆறுதலான செய்தி.

பழைய வடிகட்டியைத் தூக்கி எறிவதற்கு முன் அறுத்துப் பார்ப்பது நல்ல மெக்கானிக்குகளின் வழக்கம். மடிப்புகளில் மஞ்சள் நிறப் பொடி மின்னினால், பம்பினுள் உள்ள வெண்கலப் பகுதிகள் தேய்கின்றன. காந்தத்தில் ஒட்டும் துகள்கள் இரும்பு அல்லது எஃகிலிருந்து வந்தவை. கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் சிலிண்டரின் சீல் கிழிவதைக் கூறும். குருதிச் சோதனையில் மருத்துவர் காண்பதைப் போல, நோய் வெளிப்படுவதற்கு முன்னரே அதனை இங்கே காணலாம்.

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை போன்ற கடலோர இடங்களில் வேலை செய்யும் இயந்திரங்களுக்குத் தனிக் கவனம் தேவை. சிலிண்டர்த் தண்டின் பளபளப்பு அழகுக்காக அமைந்ததன்று. அது குரோமியப் பூச்சு. உப்புக்காற்று நுண்ணிய கீறல் வழியே புகுந்து அதன் அடியில் துரு ஏற்றுகிறது. சொரசொரப்பான தண்டு உள்ளே சென்று வரும்போதெல்லாம் சீலைக் கிழிக்கிறது. கிழிந்த சீல் வழியே எண்ணெய் வெளியேறும். அதைவிடத் தீங்காக, மணல் உள்ளே நுழையும். பணி முடிந்து பல நாள் நிறுத்தும்போது, இயன்ற வரை தண்டுகள் சிலிண்டருக்குள் அடங்கியிருக்குமாறு கையை மடக்கி வைக்க வேண்டும். வெளியே நீண்டிருக்கும் பகுதிக்குக் கிரீஸ் தடவி, மீண்டும் இயக்கும்போது மணல் ஒட்டிய அக்கிரீஸைத் துடைத்துவிட வேண்டும்.

இவற்றோடு ஓட்டுநரின் அறையில் ஒரு குறிப்பேடும் இருத்தல் நல்லது. எண்ணெய் இயல்பான வெப்பத்தை அடைந்தபின், வெறும் பக்கெட்டுடன் பூமைத் தரையிலிருந்து உச்சிவரை உயர்த்த எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தால் அளந்து, வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே முதல் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை அதே எஞ்சின் வேகத்தில், அதே வெப்பத்தில் அளந்து அடுத்தடுத்த வரிகளில் எழுதலாம். மார்ச் மாதத்து வரியில் நொடிக்கணக்கு கூடத் தொடங்கியிருந்தால், வாய்க்காலில் இறங்குவதற்கு முன்னர் காரணத்தைத் தேட ஒரு மாத காலம் கையில் இருக்கும்.